உடல் கிடையாத வீரர்க்கும் ஒரு கல்

தொரப்பள்ளி என்றதும் மூதறிஞர் இராசாசி பிறந்த ஊர் என்பதே நம் மாணவர் நினைவுக்கு வரும். அவ்வூரை உள்ளிட்ட ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரம் நடுகற்கள் மிகுந்த நிலம் என்பதனை அறிந்தார் சிலரே. தொழிற்சாலை மதில்களைக் கடந்து சிற்றூர்ப்புறம் சென்றால், வேடியப்பன் என்னும் பெயரால் வழிபாடு பெறும் வீரக்கற்களைக் காணலாம். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியர் கூறும் ஆறு துறைகளும் கல்லைப் பற்றியனவே. உடலைப் பற்றியது ஒன்றுமில்லை.

இதனை நாம் எண்ணக் காரணம் உண்டு. 2016 சூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட வான்படையின் ஏ.என்.32 வானூர்தி வங்கக் கடலின்மேல் மறைந்தது. அதில் சென்றோர் 29 பேர். படையினரோடு சீருடை அணியாத பணியாளரும் இருந்தனர். அவ்வாண்டு செப்டம்பரிலேயே அனைவரும் இறந்தனராகக் கருதப்படுவர் எனக் குடும்பத்தார்க்குத் தெரிவிக்கப்பட்டது. ஆயின் அதன் சிதைவுகள் என்று கருதப்படுபவை சென்னையிலிருந்து ஏறக்குறைய 140 கடல்மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் காணப்பட்ட செய்தி 2024 சனவரியில்தான் வந்தது. ஏழரை ஆண்டுகள்! வாயில் மணி ஒலிக்குந்தோறும் எழுந்து நோக்கும் தாயர்க்கு அஃது எத்துணை நெடிய காலம்!

காணாமற்போனார்க்குச் சட்டம் கால எல்லை வகுத்துள்ளது. ஏழாண்டுகள் செய்தியே இல்லையெனின் இறந்தாராகக் கொள்ளலாம் என்பது 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் வகுத்த முறை. கணவன் இருப்பிடம் நான்காண்டுகள் தெரியாவிடின் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்கிறது 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். வாழ்வார் வாழ்வு தொடர இவை இன்றியமையாதன, குறை கூறோம். ஓய்வூதியமும் சான்றிதழும் கிடைத்தபின் வேறென்ன வேண்டும் என்று வினவுவாரோடுதான் நமக்கு உடன்பாடில்லை. சான்றிதழ் பேழைக்குள் கிடக்கும்; அதன்முன் யார் சென்று நிற்பார்?

1971ஆம் ஆண்டுப் போருக்குப்பின் திரும்பாதவருள் 54 பேர் பாகிஸ்தான் சிறைகளில் இருக்கலாம் என நம்பப்பட்டது, அந்நாடு மறுத்தது. 2007இல் உறவினர் சிலர் அங்குள்ள சிறைகளுக்கே சென்று தேடி, வெறுங்கையராய் மீண்டனர். இவர்கட்கு 'இறந்தார்' எனக் கல் எழுப்புதல் தகாது. 'திரும்பாதவர்' என்றே பொறிக்கலாம். அச்சொல்லில் பொய்யில்லை.

தாம்பரத்து 29 பேருக்கும் சென்னைக் கடற்கரையில், கடலை நோக்கி, பதவி வரிசை பாராது பெயரெழுதிய கல்லொன்றைக் காண விழைகிறோம். ஊர்ப்பெயரும் உடன் பொறித்தல் வேண்டும். வேடியப்பன் கல்லைத் தேடிச் செல்வார் முதலில் வினவுவது ஊரைத்தானே.