பஸ்ஸை வாழ விடுங்கள்

மும்பை மாநகரில் வேலைக்குச் செல்வோரில் மிகப் பெரும்பாலோர் காரில் செல்பவர்கள் அல்லர். ரயிலும் பஸ்ஸும் தத்தம் கால்களும்தான் அவர்களுக்கு வாகனம். புறநகர் மின்சார ரயில்களில் மட்டும் நாள்தோறும் சுமார் 75 லட்சம் பேர் பிரயாணம் செய்கிறார்கள். தாராவி, சயான், செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, கல்யாண் பகுதிகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. அப்படியிருக்க, போக்குவரத்துக்கென்று செலவாகும் பணம் யாருக்காகச் செலவாகிறது என்று கேட்பது நியாயமே.

மரைன் டிரைவிலிருந்து வர்லி வரை அமைந்துள்ள கடலோரச் சாலைக்கு ஏறத்தாழ 14,000 கோடி ரூபாய் செலவாகியிருக்கிறது. 2024 மார்ச் மாதம் அதன் முதல் பகுதி திறக்கப்பட்டது. சுங்கம் வசூலிக்கவில்லை. ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் அங்கே அனுமதி கிடையாது. பஸ் போகலாம். ஆனால் போவதற்குப் பஸ் வேண்டுமே!

1926 ஜூலை 15-ந் தேதி ஆப்கன் சர்ச்சுக்கும் கிராஃபர்ட் மார்க்கெட்டுக்கும் இடையே மும்பையின் முதல் பஸ் ஓடியது. அந்தப் பஸ்ஸை ஓட்டிய ஸ்தாபனத்தை 1947-ல் மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. அதுதான் இன்றைய 'பெஸ்ட்'. ஒரு காலத்தில் நாலாயிரத்துக்கும் அதிகமான பஸ்களை ஓட்டிய பெஸ்ட்டிடம், 2025-ல் குத்தகைப் பஸ்களையும் சேர்த்து மூவாயிரம்கூட இல்லை. ஜனத்தொகை பெருகப் பெருக பஸ் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

பஸ் வராவிட்டால் வேலைக்குப் போகிறவன் வீட்டிலா உட்கார்ந்திருப்பான்? ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுப்பான். அல்லது கடன் வாங்கி இருசக்கர வண்டி வாங்குவான். சற்று வசதி உள்ளவன் கார் வாங்குவான். சாலை மேலும் அடைபடும். இருக்கிற பஸ்ஸும் அந்த நெரிசலில் சிக்கித் தாமதமாகும். அதைப் பார்த்து இன்னும் சிலர் பஸ்ஸைக் கைவிடுவார்கள். இந்தச் சுழலுக்குப் புதிய மேம்பாலங்கள் பரிகாரம் ஆகா.

கட்டணத்தைப் பற்றியும் அனுபவம் உண்டு. 2019 ஜூலையில் பெஸ்ட் குறைந்தபட்சக் கட்டணத்தை 8 ரூபாயிலிருந்து 5 ரூபாயாகக் குறைத்தது. சில மாதங்களிலேயே பிரயாணிகள் எண்ணிக்கை பல லட்சம் உயர்ந்தது. மலிவான பஸ்ஸுக்கு ஜனங்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அதே கட்டணம் 2025 மே மாதம் ஒரேயடியாக 10 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு, போக வர நாளொன்றுக்கு 20 ரூபாய் என்பது 40 ரூபாயாயிற்று.

பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். நஷ்டம் உண்மைதான். முன்பு பெஸ்ட்டின் மின்சாரப் பிரிவின் வருமானம் பஸ் நஷ்டத்தை ஈடுகட்டி வந்தது. இப்போது அந்த வழி இல்லை. ஆனால் கடலோரச் சாலை லாபம் ஈட்டுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. காருக்குப் போட்ட சாலை பொதுச் சேவை, ஏழைக்கு ஓடும் பஸ் மட்டும் வியாபாரம் என்று இரண்டு கணக்கு வைப்பது சரியல்ல.

ரயிலின் நிலைமையும் சொல்லும் தரமன்று. 2025 ஜூன் 9-ந் தேதி மும்ப்ரா அருகே, நெரிசல் மிகுந்த இரு ரயில்களின் வாசலில் தொங்கியவர்கள் கீழே விழுந்து மாண்டார்கள். தண்டவாளத்தைக் கடந்தவர்களையும் சேர்த்து, 2024-ல் மட்டும் புறநகர்ப் பாதைகளில் உயிரிழந்தோர் 2,400-க்கும் அதிகம். ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை 33.5 கிலோமீட்டர் சுரங்க மெட்ரோ 2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. தாராவியிலும் அதற்கு நிலையம் உண்டு. ஆனால் நிலையத்திலிருந்து வீட்டுக்கும் வேலைத் தலத்துக்கும் கொண்டு சேர்ப்பது பஸ்தான். அது இல்லாமல் மெட்ரோவின் பயன் பாதியாகிவிடும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. பஸ்களின் எண்ணிக்கையை மீண்டும் நாலாயிரத்துக்கு மேல் கொண்டுவர வேண்டும். மாநகராட்சி தன் பட்ஜெட்டில் ஆண்டுதோறும் பெஸ்ட்டுக்கு நிச்சயமான தொகை ஒதுக்க வேண்டும். முக்கிய சாலைகளில் காலையிலும் மாலையிலும் ஒரு வரிசையைப் பஸ்ஸுக்கென்றே விட வேண்டும். தெருவில் காரை நிறுத்துவோரிடம் முறையான வாடகை வசூலித்து, அதைப் பஸ்ஸுக்குச் செலவிடலாம். நடைபாதைகளை நடப்பவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும்.

இன்னொன்றும் அவசரமானது. தாராவிச் சீரமைப்பின் காரணமாகப் பல குடும்பங்கள் வேறு பகுதிகளுக்குக் குடியேற நேரிடும். வீடு கிடைத்தும் வேலைக்குப் போக வழி கிடைக்காவிட்டால் அந்த வீட்டால் என்ன பயன்? சாவியைக் கொடுக்கும் நாளிலேயே அங்கிருந்து முதல் பஸ்ஸும் புறப்பட வேண்டும். மாநில சர்க்காரும் மாநகராட்சியும் இதற்கு இப்போதே உறுதி அளிக்க வேண்டும்.