அப்பா வருகிறார்!

மாலை ஆறு மணிக்கு நமது வீடுகள் பலவற்றில் ஒரு வாக்கியம் தவறாமல் ஒலிக்கும். திண்ணையிலிருந்து பாட்டி அதைச் சொல்வாள். அடுக்களையிலிருந்து அம்மா அதையே திருப்பிச் சொல்வாள். "சத்தம் போடாதே, அப்பா வருகிறார்!" என்பதே அவ்வாக்கியம். அதுவரை நாற்காலிகளை ரயிலாக்கி ஓட்டிக்கொண்டிருந்த குழந்தை, ரயிலை நடுவழியில் நிறுத்திவிட்டு மூலையிற் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பா உள்ளே நுழைவார். வீடு அமைதியாயிருப்பதைக் கண்டு, நம் குழந்தைக்குத்தான் எத்தனை அடக்கம் என்று உள்ளூர மகிழ்ந்துகொள்வார்.

பிறர் வீட்டுக் கதையாக இதைச் சொல்ல வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை நாமும் அப்படி மகிழ்ந்து வந்தவர்களே. நாள் முழுவதும் பள்ளிக்கூடத்து இரைச்சலில் இருந்துவிட்டு வருகிற நமக்கு வீட்டின் மௌனம் பெரும் பாக்கியமாகத் தோன்றிற்று. அந்த மௌனத்துக்கு என்ன விலை என்பது பிறகுதான் தெரிந்தது.

நம் பையனுக்கு அப்போது ஐந்து வயது. கொல்லையிலுள்ள கொய்யா மரத்தில் ஏறலாகாது என்று நாம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். அவன் ஏறினான், விழுந்தான். விழுந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை. வலக்கையைச் சட்டைக்குள் மறைத்தபடி ஒரு பகலும் ஓர் இரவும் இருந்திருக்கிறான். மறுநாள் காலை, இடக்கையால் இட்லியைப் பிட்டுத் தின்றதைக் கண்ட பாட்டி அதட்டியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. மணிக்கட்டு எலும்பில் கீறல். மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "ஏண்டா கண்ணு, விழுந்தவுடனே சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். அவன் டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை. நம் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை இன்றும் நம்மால் மறக்க முடியவில்லை.

நாம் அவனை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் ஒருநாளும் அவனோடு தரையில் உட்கார்ந்ததுமில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்விரண்டினுள் எது பெரிது என்று நாம் எண்ணிப் பார்க்கவே இல்லை.

அந்த வாரத்தில் ஓர் இரவு மின்சாரம் நின்றுவிட்டது. மெழுகுவத்தியை ஏற்றிக் கூடத்தில் வைத்தோம். பையன் கட்டுப் போட்ட கையைத் தூக்கினான். எதிர்ச் சுவரில் பெரிய துதிக்கை ஒன்று எழுந்தது. நம்மையறியாமல், "அடடே, யானை வந்துவிட்டதே!" என்றோம். அவன் முதலில் திகைத்தான். பிறகு சிரித்தான். இரண்டு கட்டைவிரல்களையும் பின்னி, உள்ளங்கைகளை விரித்து நாம் ஒரு பறவையைப் பறக்கவிட்டோம். யானை பறவையைத் துரத்திற்று. விளக்குக்கு அருகே கையைக் கொண்டுபோனால் யானை கூரைவரை வளர்கிறது, சுவரை நெருங்கினால் பூனைக்குட்டி அளவாகிறது என்பதை நாம் சொல்லாமலே அவன் கண்டுபிடித்தான். மின்சாரம் திரும்பி வந்தபோது, "அப்பா, விளக்கை அணைத்துவிடுங்கள்!" என்று நம் மடியிலிருந்தபடி உத்தரவிட்டான். அவன் நமக்கு இட்ட முதல் உத்தரவு அதுதான்.

குழந்தையோடு விளையாடுவதும், அதைக் குளிப்பாட்டிச் சோறூட்டித் தூங்கவைப்பதும் தாய்மாருடைய வேலை என்ற கொள்கை நம் நாட்டில் தொன்றுதொட்டு வருவதாகப் பலர் சாதிக்கிறார்கள். தமிழ் இலக்கியம் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த பெரியாழ்வார், கண்ணனை எப்படி எப்படியெல்லாம் சீராட்டினார் என்று பாருங்கள். நீராட்ட அழைக்கிறார்; தலைவாருகையில் குழந்தையை மறக்கச் செய்யக் காக்கையைக் கூப்பிடுகிறார்; பூச்சூட்டுகிறார்; காப்பிடுகிறார். குழந்தை பின்னாலிருந்து ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்வதற்கென்றே ஒரு பதிகம் பாடுகிறார். யசோதையின் வாய்மொழியாகப் பாடினார் என்பது மெய்யே. ஆயினும் துளசிச் செடியருகே கிடைத்த பெண் மகவை எடுத்து ஆண்டாளாக வளர்த்த தந்தை அவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். கண்ணன் அப்பூச்சி காட்டிப் பயமுறுத்தி விளையாடுவதையும் அவர் பாடியிருக்கிறார். அங்கே பூச்சி காட்டுவது பிள்ளை. நம் வீடுகளிலோ அப்பாவே பூச்சாண்டியாக உட்கார்ந்திருக்கிறார்.

பிள்ளைத்தமிழ் நூல்களின் பருவங்கள் பத்தையும் நாம் பாடம் நடத்தும்போது மாணவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். அவற்றைத் தகப்பன்மார் படித்தால் அதிகப் பிரயோஜனம் உண்டு. ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, குழந்தை தலைநிமிர்த்தி அசைந்தாடுவது, ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி, கைகொட்டுவது, பதின்மூன்றாம் மாதத்தில் வாரானை, தளர்நடை நடந்து வா என்று கைநீட்டி அழைப்பது, பதினைந்தில் அம்புலி, பதினேழில் சிற்றில், பிறகு சிறுபறை, சிறுதேர். குலோத்துங்கனுக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய ஒட்டக்கூத்தர் முதலாகப் புலவர்கள் வகுத்துப் பாடிய இந்த வரிசை, எந்த மாதத்தில் குழந்தையோடு என்ன விளையாடலாம் என்பதற்கு நல்ல அட்டவணையாகவும் இருக்கிறது. சிற்றிற் பருவத்தில், சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்காதே என்று ஆண் குழந்தையை வேண்டிக்கொள்வார்கள். இவ்வேண்டுகோள் நம் பள்ளிக்கூட மைதானத்தில் இன்றும் நாள்தோறும் தேவைப்படுகிறது.

நம் காலத்துக்குச் சமீபத்திலும் உதாரணம் உண்டு. கத்தியவாரில் 1885-இல் பிறந்த கிஜுபாய் பதேகா வக்கீல் தொழில் நடத்தி வந்தவர். 1913-இல் அவருக்கு மகன் பிறந்தான். அந்தக் குழந்தையை எப்படி வளர்ப்பது என்று யோசிக்கப் புகுந்தவர் மாண்டிசோரி அம்மையாரின் நூல்களைப் படித்தார். பிறகு வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார். 1920-இல் பாவநகரில் பால மந்திரத்தைத் தொடங்கி, 1939-இல் காலமாகும் வரையில் குழந்தைகளுக்காகவே உழைத்தார். குஜராத்தி மக்கள் அவருக்கு அன்போடு இட்ட பெயர் 'மீசை வைத்த அம்மா' என்பது. நம் ஊரில் ஓர் ஆண்மகனை அப்படி அழைத்தால் சண்டைக்கு வந்துவிடுவான். அவர் அதை விருதாகத் தாங்கினார்.

"விளையாடுவதற்கு என்ன வாங்க வேண்டும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. சித்திரை வைகாசியில் நுங்கு தின்றபின் எறிகிற பனங்காய்க் கூடுகள் இரண்டை எடுத்து, ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, கவைக்கோலால் தள்ளிக் கொடுத்தால் வண்டி தயார். பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையைச் சிறிது நசுக்கி ஊதினால் நாதஸ்வரக் கச்சேரி. இரண்டு காலித் தீப்பெட்டிகளில் துளையிட்டு நூலால் இணைத்துவிட்டால் கூடத்துக்கும் கொல்லைக்கும் டெலிபோன். நூலை விறைப்பாகப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் பேச்சு கேளாது. ஒலி என்பது அதிர்வு, விறைத்த நூலில்தான் அது ஓடும் என்ற பாடம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பனையோலைக் காற்றாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதில்தான் நாம் அவமானப்பட்டோம். ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் அகலமுமுள்ள ஓலைத் துண்டுகள் இரண்டை நறுக்கி, ஒன்றின் நடுவே கீறி மற்றதை அதிற் குறுக்காகச் செருகி, மையத்தில் கருவேல முள்ளால் குத்திச் சோளத்தட்டையில் பொருத்தினோம். முள்ளைக் கையாளும் வேலை தகப்பனாருடையது, குழந்தையிடம் விடலாகாது. பையன் அதைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடிவரை ஓடினான். காற்றாடி அசையவில்லை. எதிர்வீட்டுக் கிழவர் அதை வாங்கிப் பார்த்து, ஓலையின் நான்கு நுனிகளையும் ஒரே பக்கமாகச் சிறிது முறுக்கி, முள் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தார். அடுத்த கணம் அது விர்ரென்று சுழன்றது. "உங்கள் அப்பா பி.ஏ. படித்தவர், அதனால்தான் சுற்றவில்லை" என்று பையனிடம் சொல்லிவிட்டுப் போனார். தகப்பன் ஒன்றைச் செய்யத் தெரியாமல் விழிப்பதையும், இன்னொருவரிடம் கற்றுக்கொள்வதையும் குழந்தை பார்த்தது. அதனால் நம் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. அன்றிரவு அவன் தானாக வந்து, பள்ளியில் தனக்குக் கணக்கு வரவில்லை என்று சொன்னான்.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கும் ஆசிரியர் மனப்பான்மை கொண்ட தந்தையர்க்கும் ஓர் எச்சரிக்கை. விளையாட்டின் நடுவே கேள்வி கேட்காதீர்கள். காற்றாடி சுழலும்போது, "இதில் எத்தனை இதழ்? நான்கோடு நான்கைக் கூட்டினால் எத்தனை?" என்று நாம் ஒருமுறை தொடங்கினோம். பையன் காற்றாடியை நம் கையிலேயே கொடுத்துவிட்டுப் பாட்டியிடம் போய்விட்டான். அவன் செய்தது நியாயமே.

வயதில் சிறிய குழந்தைகள் விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். மூன்று வயது நிரம்பாத குழந்தையின் கைக்குப் புளியங்கொட்டை, சோழி, கோலி போன்றவை எட்டலாகாது; தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கைக்குழந்தையைக் குலுக்கி விளையாட்டுக் காட்டுவதும் கூடாது. அதன் கழுத்தும் மூளையும் அதைத் தாங்கா.

"இடங்கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள்" என்று பெரியவர்கள் தலையசைக்கிறார்கள். அது பாதி உண்மை. குழந்தை அழுகிறதே என்று கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நாம் வேறொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது இடங்கொடுப்பதுதான். தாயக்கட்டை உருட்டுவது அப்படியன்று. தாயம் விழாவிட்டால் அப்பாவின் காயும் வீட்டுக்குள்ளேதான் கிடக்க வேண்டும். வெட்டுப்பட்டால் அப்பாவும் திரும்பிப் போக வேண்டும். சிலர் குழந்தையின் மனம் நோகலாகாதென்று எப்போதும் தோற்றுக் கொடுக்கிறார்கள். நம் கருத்தில் அது தவறு. குழந்தைகள் அந்த ஏமாற்றை வெகு சீக்கிரத்தில் கண்டுகொள்கின்றன. மெய்யாகவே தோற்க வேண்டும், மெய்யாகவே ஜயிக்கவும் வேண்டும். நாம் தோற்ற நாளில் முகம் சுளிக்காமலிருந்தால், அவன் தோற்ற நாளில் பலகையைக் கவிழ்க்க மாட்டான். முதல் மாதத்தில் நம் வீட்டுப் பலகை மூன்று தடவை கவிழ்ந்தது. அவற்றில் ஒரு தடவை கவிழ்த்தவர் யார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வேலை நிமித்தம் வெளியூரிலிருக்கும் தந்தையர் என்ன செய்வது? 1928-ஆம் ஆண்டுக் கோடையில் நேரு அலகாபாத்திலும், பத்து வயது இந்திரா முஸ்ஸூரியிலும் இருந்தார்கள். கூழாங்கல் எப்படி உருண்டையாயிற்று என்பது போன்ற செய்திகளை மகளுக்குக் கடிதங்களாக எழுதினார். அவை மறு ஆண்டு புத்தகமாயின. நாமெல்லாம் நேருவாக வேண்டாம். துபாயிலிருந்தாலும் தூத்துக்குடியிலிருந்தாலும் சந்திரன் ஒன்றுதானே? மூன்றாம் பிறை மேற்கே தோன்றும் நாளன்று தொடங்குங்கள். அன்றாடம் சந்திரன் சுமார் 50 நிமிஷம் பிந்தி மறைவதையும், பௌர்ணமியன்று சூரியன் விழும் வேளையில் கிழக்கே எழுவதையும் தந்தை அங்கிருந்தும் குழந்தை இங்கிருந்தும் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். நம் பையன் கொல்லைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் பதினைந்து நாளும் படம் வரைந்தான். ஏழாம் நாள், "அப்பா, மற்ற பாதியை யார் தின்றார்கள்?" என்று கேட்டான். மேகம் மூடிய இரண்டு நாட்களுக்கு வெறும் வட்டம் போட்டு, உள்ளே கேள்விக்குறி இட்டிருக்கிறான்.

பல்லாங்குழி ஆடும் முறையைக் கேட்டு இரண்டு அன்பர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை அடுத்த வாரம் எழுதுவோம். பனங்காய் வண்டியின் சக்கரம் கழன்று நிற்பதாக வாசலிலிருந்து இப்போது மூன்றாவது முறையாகத் தாக்கீது வந்திருக்கிறது.