குழல் நீளமா, முறுக்கா? ராணுவத் துப்பாக்கியில் முதலில் முடிவு செய்ய வேண்டியது எது?

2025 டிசம்பர் கடைசியில் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ராணுவத்துக்கும் கடற்படைக்கும் 4 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்பைன் துப்பாக்கிகள் வாங்குவதற்கான ஒப்பந்தம் அது. மதிப்பு 2,770 கோடி ரூபாய். நம் பக்கத்து ஊரான புனேயைச் சேர்ந்த பாரத் ஃபோர்ஜ் கம்பெனியும், பி.எல்.ஆர். சிஸ்டம்ஸ் கம்பெனியும் இவற்றைத் தயாரித்துக் கொடுக்கும்.

இதற்கு முன்பே 2019-ல் அமெரிக்காவின் 'சிக் 716' துப்பாக்கிகள் 72,400 வாங்கப்பட்டன. 2024-ல் இன்னும் 73,000-க்கு ஆர்டர் போனது. 2021 டிசம்பரில் ரஷ்யாவுடன் 'ஏ.கே. 203' ஒப்பந்தம் ஏற்பட்டது. உத்தரப்பிரதேசத்தில் அமேதி அருகே கோர்வா ஆலையில் 6,01,427 துப்பாக்கிகள் செய்வது என்று முடிவாயிற்று.

"ஒரே ராணுவம்; எதற்கய்யா மூன்று தினுசுத் துப்பாக்கி?" என்று எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மூன்றும் மூன்று வகைத் தோட்டாவைச் சுடுகின்றன. இதற்குப் பதில் துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கிறது. குழலைப் பற்றிய முடிவுகள் இரண்டு: ஒன்று நீளம், மற்றொன்று முறுக்கு.

நீளம் குறைந்த கதை

தோட்டாவுக்குள் மருந்து எரிகிறது. அந்த வாயு குண்டைப் பிடித்துத் தள்ளுகிறது. குழல் நீளமாக இருந்தால் தள்ளும் நேரம் அதிகம், வேகமும் அதிகம்.

நமது வீரர்கள் 1962-ல் சீனப் போரில் ஏந்திய '303' துப்பாக்கியின் குழல் 640 மில்லிமீட்டர். பின்னால் வந்த எஸ்.எல்.ஆர். 533. 'இன்சாஸ்' 464. ஏ.கே. வகை 415. சிக் துப்பாக்கி 406. அறுபது ஆண்டுகளில் கிட்டத்தட்ட முக்கால் அடி குறைந்துவிட்டது!

காரணம் உண்டு. அந்தக் காலத்துச் சிப்பாய் திறந்த வெளியில் படுத்துச் சுட்டார். இன்று அவர் ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கிறார். காஷ்மீரில் வீடு வீடாக நுழைந்து தேடுகிறார். வாசலில் இடிக்கிற நீளத் துப்பாக்கி அங்கே ஆபத்து. கார்பைன் கேட்பது இதற்காகத்தான்.

ஆனால் இதற்கு விலை கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் 'எம் 16' குழல் 508 மில்லிமீட்டர். குண்டின் வேகம் விநாடிக்குச் சுமார் 950 மீட்டர். அதே தோட்டாவை 368 மில்லிமீட்டர் குழல் உள்ள 'எம் 4'-ல் சுட்டால் வேகம் சுமார் 900 மீட்டர்தான். குழலை இன்னும் குறைத்தால் வேகம் மேலும் விழும். எரிந்து முடியாத மருந்து வெளியே பளிச்சென்று தீ கக்கும். இருட்டில் அது சிப்பாய் நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

பம்பரமும் குண்டும்

இரண்டாவது விஷயம் முறுக்கு. குழலின் உட்புறத்தில் திருகாணி மரை போலப் பள்ளங்கள் சுற்றிச் செல்கின்றன. குண்டு அவற்றில் கவ்விச் சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. சுற்றுகிற பம்பரம் நிற்கும். சுற்றாத பம்பரம் விழும். குண்டும் அப்படியே. சுழலாவிட்டால் காற்றில் தலைகுப்புறப் புரளும்.

எஸ்.எல்.ஆர். குழலில் 305 மில்லிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று. ஏ.கே.யில் 240 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. எஸ்.எல்.ஆர். குண்டு வெளியே வரும்போது விநாடிக்குச் சுமார் 2,750 முறை சுழல்கிறது!

எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பதைக் குண்டின் எடையை விட அதன் நீளமே தீர்மானிக்கிறது. 1879-ல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் எளிய கணக்கு ஒன்று தந்தார். குண்டின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். எஸ்.எல்.ஆர். குண்டின் விட்டம் 7.8 மில்லிமீட்டர், நீளம் சுமார் 29. போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 315 வரும். துப்பாக்கியில் உள்ளது 305. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய கணக்கு எவ்வளவு அருகில் வருகிறது!

தப்பினால் என்ன ஆகும்?

எம் 16 முதலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வந்தது. கடுங்குளிரில் காற்று அடர்த்தியாக இருக்கும். அந்தக் குளிரில் சோதித்தபோது குண்டு தடுமாறியது. 1963-ல் 12 அங்குலமாக மாற்றினார்கள். 1980-களில் நீளமான குண்டும், அதைவிட நீளமான ஒளிரும் குண்டும் வந்தபோது 7 அங்குலமாக மாற்றினார்கள். சியாச்சின் பனியில் வீரர்களை நிறுத்தியிருக்கும் நாம் இந்தப் பாடத்தை மறக்கக் கூடாது.

நமது ராணுவமும் பயன்படுத்தும் 'டிராகுனோவ்' குறிதுப்பாக்கி இன்னொரு உதாரணம். முதலில் 320 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. மற்ற வகைக் குண்டுகளையும் சுட வேண்டும் என்று 1970-களில் ரஷ்யர்கள் 240 ஆக்கினார்கள். அதற்கென்றே செய்த தோட்டாவின் குறித்திறன் குறைந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே குழல் என்றால் இப்படித்தான்.

இந்த ஆசை நம்மையும் விடவில்லை. குழலை மாற்றி மாற்றி இரண்டு வகைத் தோட்டா சுடும் துப்பாக்கி வேண்டும் என்று 2011-ல் டெண்டர் விட்டார்கள். 2015-ல் ரத்து செய்தார்கள். போன காலம் போனதுதான்.

கெட்டியாகப் பிடிக்க வேண்டியது

குழல் செய்யும் முறையைப் பார்த்தாலும் இது விளங்கும். பள்ளங்களின் வடிவத்தைத் தன் மேல் தாங்கிய கெட்டியான உருக்குத் தண்டை உள்ளே வைத்து, வெளியே இருந்து சம்மட்டி இயந்திரம் அடிக்கும். தண்டில் உள்ள முறுக்கு அப்படியே குழலில் பதியும். லட்சக்கணக்கில் அடித்த பிறகு "குண்டை மாற்றிவிட்டோம்" என்றால், அத்தனை குழல்களையும் மாற்ற வேண்டியதுதான்.

ஆகவே வரிசை இதுதான். எந்த இடத்தில், எவ்வளவு தூரத்தில் சண்டை என்பது முதலில். அதற்கு ஏற்ற குண்டு அடுத்தது. குண்டுக்கு ஏற்ற முறுக்கு மூன்றாவது. சிப்பாய் தூக்கி ஓடத் தகுந்த நீளம் கடைசியில். இதைத் தலைகீழாகச் செய்தால் பணமும் போகும், உயிரும் போகும்.

மூன்று தினுசுத் துப்பாக்கிக்கும் இந்த வகையில் நியாயம் உண்டு. சிக் துப்பாக்கி எல்லையில் தொலைதூரத்துக்கு. ஏ.கே. 203, முந்நூறு மீட்டர் அளவில். கார்பைன் வீட்டுக்குள்ளும் சந்துக்குள்ளும். ஆனால் தோட்டா தவறாமல் போய்ச் சேர வேண்டுமே! மீட்டர் கேஜில் வந்த சரக்கை அகலப் பாதை வண்டிக்கு மாற்றி ஏற்றிய காலத்தில் பட்ட பாடு ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். தப்பான பெட்டி தப்பான முகாமுக்குப் போனால், கையில் துப்பாக்கி இருந்தும் பயனில்லை.

நம் மாநிலத்தில் புசாவல் அருகே வரண்காவ் ஆலை தோட்டா செய்கிறது. திருச்சி ஆலை துப்பாக்கி செய்வதில் பழக்கப்பட்டது. இன்சாஸ் செய்த கைகள் அங்கே இருக்கின்றன. குண்டு செய்பவரும் குழல் செய்பவரும் முதல் நாளிலேயே ஒரே மேஜையில் உட்கார வேண்டும். குண்டு ஓரிடத்தில், குழல் ஓரிடத்தில், முடிவு டெல்லியில் என்றிருந்தால் குறி தப்பும்.

நம் ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் கையில் கொடுக்கும் துப்பாக்கியின் விலையை விட, அதற்கு முன் போட்ட கணக்கு சரியா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.