லெட்டர்பேடில் உள்ள பெயர்கள்

புற்றுநோயாளிகளுக்கு உதவ ஓர் அறக்கட்டளை தொடங்கும்போது அறங்காவலர்களாக யாரைப் போடுவது என்ற பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறது. ஊரறிந்த தொழிலதிபர் ஒருவர், ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவர், பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர், நிறுவனரின் குடும்பத்திலிருந்து இருவர். நல்ல மனிதர்களாக இருந்தால் போதும், அவர்கள் பெயர் லெட்டர்பேடில் இருந்தால் நன்கொடை வரும், மற்றதை மருத்துவர்களும் மேனேஜரும் பார்த்துக்கொள்வார்கள், சம்பளம் வாங்காதவரிடம் அதற்கு மேல் என்ன கேட்க முடியும் என்பது பொதுவான எண்ணம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இதன் ஒவ்வொரு கண்ணியும் பலவீனமானது. ஒரு கம்பெனியில் பணம் போட்டவர் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம், பிடிக்காவிட்டால் பங்கை விற்றுவிடலாம். அறக்கட்டளையில் பணம் தருபவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர். தந்தவர் வருமான வரி விலக்குக்கான ரசீதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பெறுகிற நோயாளியோ அடுத்த கீமோவுக்குப் பணம் கிடைத்ததே பெரிது என்றிருக்கிறார். குறை இருந்தாலும் சொல்ல அவருக்கு வாய் வராது. இந்த இருவருக்கும் அறக்கட்டளையின் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. அவர்கள் சார்பில் அங்கே உட்காரக்கூடியவர் அறங்காவலர் மட்டும்தான். அவர் பேசாமல் இருந்தால் அந்த அறையில் அவர்களுக்காகப் பேச வேறு ஆளே இல்லை.

நல்ல மனிதர்களாக இருந்தால் போதும் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 2015 மே மாதம் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அந்நாட்டின் 50 மாநிலங்களோடும் சேர்ந்து நான்கு புற்றுநோய் அறநிறுவனங்கள் மீது வழக்குத் தொடர்ந்தது. கேன்சர் ஃபண்ட் ஆஃப் அமெரிக்கா, அதன் கிளை நிறுவனமான கேன்சர் சப்போர்ட் சர்வீசஸ், சில்ட்ரன்ஸ் கேன்சர் ஃபண்ட் ஆஃப் அமெரிக்கா, பிரெஸ்ட் கேன்சர் சொசைட்டி ஆகியவை அவை. 2008 முதல் 2012 வரை அவை பொதுமக்களிடம் திரட்டிய தொகை 18.7 கோடி டாலர். வலியில் துடிக்கும் குழந்தைகளுக்கு வலிநிவாரணி தருகிறோம், நோயாளிகளை கீமோவுக்கு அழைத்துப் போகிறோம் என்று சொல்லித் திரட்டிய பணம். அதில் மிகப் பெரும்பங்கு நிறுவனத்தை நடத்தியவர்களுக்கும், அவர்களுடைய உறவினர் நண்பர்களுக்கும், தொழில்முறை நிதி திரட்டுவோருக்கும் போனது என்று வழக்கு சொன்னது. பல சமயம் ஒவ்வொரு நன்கொடையிலும் 85 விழுக்காடோ அதற்கு மேலோ நிதி திரட்டுவோரின் கூலியாகவே போயிருக்கிறது. கார், சொகுசுக் கப்பல் பயணம், ஜிம் சந்தா, கச்சேரி டிக்கெட் எல்லாம் அறக்கட்டளைக் கணக்கில். இந்த நிறுவனங்களுக்கும் நிர்வாகக் குழுக்கள் இருந்தன, கூட்டங்களும் நடந்தன. குழுவில் இருந்த எல்லோரும் திருடர்கள் என்று சொல்வதற்கில்லை. வேண்டியவர்களாகப் பார்த்துப் போடப்பட்ட அவர்கள், வேண்டியவர் நீட்டிய தாளில் கையெழுத்திட்டார்கள். வீட்டில் யோக்கியராக இருப்பது வேறு, கூட்டத்தில் நண்பரிடம் பில்லைக் காட்டுங்கள் என்று கேட்பது வேறு. அறங்காவலருக்கு வேண்டியது இந்த இரண்டாவது குணம். முதலாவது இருந்தால் இரண்டாவதும் தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் பல அறக்கட்டளைகள் கெட்டிருக்கின்றன.

கணக்கைத்தான் ஆடிட்டர் பார்க்கிறாரே என்பார்கள். நிர்வாகச் செலவு குறைவு, நோயாளிகளுக்கான செலவு அதிகம் என்று அறிக்கை காட்டினால் வேறென்ன வேண்டும் என்றும் கேட்பார்கள். மேற்சொன்ன வழக்கை இங்கே கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த நிறுவனங்களின் பகிரங்க அறிக்கைகளில் 22.3 கோடி டாலருக்கு மேல் பொருளாக வந்த நன்கொடை கணக்குக் காட்டப்பட்டிருந்தது. அவை வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டதாக எழுதி, அத்தனையையும் சேவைச் செலவில் சேர்த்தார்கள். சேவைச் செலவு என்ற தொகை ஊதிப் பெருத்ததும், நிதி திரட்டப் போன பெருந்தொகை விழுக்காட்டுக் கணக்கில் சின்னதாகிவிட்டது. உண்மையில் அந்தப் பொருள்கள் அவர்களுடையவையே அல்ல, அவர்களின் பெயரைத் தொட்டுக்கொண்டு போனவை மட்டும்தான் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. விழுக்காட்டை மட்டும் பார்க்கிறவரால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. என்ன பொருள், விலை போட்டது யார், எந்த மருத்துவமனை பெற்றுக்கொண்டது என்று மூன்று கேள்வி கேட்கிறவரால் ஒரே கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியும். அதற்குக் கணக்கியல் படித்திருக்கக்கூட வேண்டாம். இந்தக் கேள்விகளை ஆடிட்டர் கேட்பார் என்று விட்டுவிடுவதும் சரியல்ல. அந்தச் செலவு செய்யத் தக்கதுதானா என்று தீர்மானிப்பது அவர் பொறுப்பில் வராது.

பெரிய பெயர் இருந்தால் போதும் என்ற வாதத்துக்கு டாட்டாவையே உதாரணம் காட்டுவார்கள். இந்தியாவில் அதைவிடப் பெரிய பெயர் இல்லைதான். ஆனால் வரலாறு சொல்வது வேறு. லேடி மெஹர்பாய் டாட்டா 1931இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டே தம் சொத்தை அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டு அவருடைய கணவர் தொராப்ஜி டாட்டாவும் மறைந்தார். பம்பாயின் பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது 1941 பிப்ரவரி 28 அன்று. இடையில் ஒன்பது ஆண்டுகள். கொடையாளியிடம் போய் உங்கள் விருப்பம் என்ன என்று கேட்க வழியில்லை. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை என்பதே இந்நாட்டில் புதிதாக இருந்த காலத்தில் அதைக் கட்டும் முடிவை எடுத்தவர்கள் அறங்காவலர்கள். 1957இல் மருத்துவமனை மத்திய சுகாதார அமைச்சகத்தின் பொறுப்புக்கும், 1962இல் அணுசக்தித் துறைக்கும் போனது. கதிரியக்கச் சிகிச்சையும் ஆராய்ச்சியும் வளர வளர ஒரு தனியார் அறக்கட்டளையால் தாங்க முடியாத நிறுவனமாக அது ஆகிக்கொண்டிருந்தது. தான் கட்டியதை விட்டுக்கொடுப்பது கட்டுவதைவிடக் கடினமான முடிவு என்பேன். பெயர்ப்பலகையால் அப்படி ஒரு முடிவை எடுக்க முடியாது.

எல்லாவற்றையும் மருத்துவரிடமே விட்டுவிடலாம் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. எந்த மருந்து பலன் தரும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், அதில் அறங்காவலர் தலையிடவே கூடாது. ஆனால் கையில் இருக்கும் பத்து லட்சத்தை விலையுயர்ந்த மருந்து தேவைப்படும் ஒருவருக்கே கொடுப்பதா, வெளியூரிலிருந்து கதிரியக்கச் சிகிச்சைக்கு வந்து தங்க இடமின்றிப் பாதியில் ஊர் திரும்பும் பலருக்குச் செலவிடுவதா, கிராமங்களில் வாய்ப்புற்றையும் கருப்பைவாய்ப் புற்றையும் முன்கூட்டியே கண்டறியும் முகாம்களுக்கு ஒதுக்குவதா என்பது மருத்துவக் கேள்வி அல்ல. யாருக்கு முதலில் என்ற அறக்கேள்வி அது. தம் முன் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்காக வாதாடுவது மருத்துவரின் கடமை. முன்னால் வராத நோயாளியை நினைத்துப் பார்ப்பது அறங்காவலரின் கடமை. பணம் போகும் மருத்துவமனையிலேயே அந்த மருத்துவர் வேலை பார்த்தால் தீர்மானத்தின்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டியும் வரும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மருத்துவர்தான். ஆனாலும் 1954இல் அது இந்திய மாதர் சங்கத்தின் நிவாரண நிதியைக் கொண்டு ஒரு பொது முயற்சியாகவே தொடங்கியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அங்கே பல பத்தாண்டுகள் சிகிச்சையைக் கவனிக்க முடிந்ததற்குப் பின்னால், பணமில்லாதவரைத் திருப்பி அனுப்புவதில்லை என்ற கொள்கையும் அதைத் தாங்கிப் பிடித்த நிர்வாகமும் இருந்தன.

சம்பளம் இல்லாதவரை இவ்வளவு கேட்டால் யார் வருவார்கள் என்பது கடைசி ஆட்சேபம். இதைத் தள்ளிவிட முடியாது, பயந்து ஒதுங்குகிற நல்லவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இங்கிலாந்தில் அறங்காவலர்கள் பொதுவாக ஊதியம் பெறுவதில்லை. அவர்கள் தவறினால் சட்டம் அவர்களையே தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கவும் செய்யும். அதே சட்டம் நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்து நஷ்டம் வந்தவரை விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானதுதான், என்றாலும் அது வைக்கும் அளவுகோல் எவருக்கும் புரியும்: சராசரி விவேகமுள்ளவர் தம் சொந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பார்த்துக்கொண்டால் போதும். மேதையாக இருக்கச் சொல்லவில்லை, முழுநேரமும் கேட்கவில்லை. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளுக்கென்று 1950இலிருந்தே சட்டமும் ஆணையரும் உண்டு. தமிழ்நாட்டில் எல்லாப் பொது அறக்கட்டளைகளுக்கும் பொருந்தும் அப்படி ஒரு சட்டம் இல்லை. வருமான வரித் துறை வரிச்சலுகையின் கோணத்தில் பார்க்கும். அறக்கட்டளையில் நலன் உள்ள இருவராவது சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். ஆனால் சிகிச்சையில் இருக்கும் எந்த நோயாளி அதற்கு அலைவார்? வெளிக்காவல் இவ்வளவு மெலிந்திருக்கும் இடத்தில், வரவு செலவுக்கு ஒப்புதல் என்ற தீர்மானத்தைக் கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளி, டீயோடு சேர்த்து மினிட்ஸ் புத்தகத்தையும் சுற்றுக்கு விடுவதை இனி ஏற்கக் கூடாது. கணக்கு ஒரு வாரம் முன்னதாகவே வீட்டுக்கு வர வேண்டும் என்று கேட்க எந்த அறங்காவலருக்கும் சம்பளம் தேவையில்லை. அதைக்கூடக் கேட்க நேரமில்லாதவர், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், அந்த இடத்தை நேரமுள்ள இன்னொருவருக்கு விட்டுத்தர வேண்டும்.