வானலை யாருடைய சொத்து?

அமெச்சூர் வானொலிக்காரர்களைப் பற்றி நமது பத்திரிகையில் எழுதுவானேன், ஆலையிலும் வயலிலும் பாடுபடுகிறவனுக்கு இதனால் என்ன என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறோம்.

சர்க்கார் பரீட்சையில் தேறி, லைசென்சு பெற்று, சொந்தக் கருவியில் பேசுகிறவர்கள் இவர்கள். இதற்காகக் காசு வாங்கக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது என்பது சட்டம். நம் நாட்டில் இவர்களுக்கு வி.எச்.எப்.பில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், யு.எச்.எப்.பில் 434 முதல் 438 வரையும் இடம் உண்டு. இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. ஆகவே கைக்கருவியின் பேச்சு சில மைல்களில் நின்றுவிடும். மலை உச்சியில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால், அது கேட்டதைத் திருப்பி அனுப்பும், வெகுதூரம் பேசலாம். செல்போன் கோபுரம் சாய்ந்தாலும் பாட்டரி இருந்தால் போதும்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் ஓர் அமெச்சூர் குழு முகாமிட்டிருந்தது. உறவினர் உயிரோடிருக்கிறார்களா என்று தவித்த குடும்பங்களுக்கு அது செய்தி சேர்த்தது. தூரத்துக்குச் சிற்றலை, அக்கம்பக்கத்துக்கு வி.எச்.எப். என்பதே இவர்கள் வழக்கம். 2005 மே 5-ல் இஸ்ரோ இவர்களுக்காகவே 'ஹாம்சாட்' என்ற சிறு செயற்கைக்கோளை ஏற்றியது.

இந்த இடத்தின் மீதும் பிறர் கண் விழுகிறது. அமெரிக்காவில் 1988-ல் 220 முதல் 222 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை அமெச்சூர்களிடமிருந்து பறித்து வர்த்தக வாகனங்களின் வானொலிக்கு ஒதுக்கத் தீர்மானித்தார்கள். ஐரோப்பாவில் 2019-ல் 144-146 பகுதியில் விமானத் துறைக்கும் இடம் தர ஆராய வேண்டுமென்று பிரான்ஸ் யோசனை கொண்டுவந்தது. பல நாட்டு அமெச்சூர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன, யோசனை கைவிடப்பட்டது. சங்கத்தின் பலம் என்னவென்று நமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

வானலை பொதுச் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டே கூறியது. ஊர் மேய்ச்சல் புறம்போக்கைப் போன்றது அது. பணம் கொடுப்பவனுக்கே எல்லாம் என்று வேலி போட்டால், ஏழையின் ஆடு எங்கே மேயும்?

ஒரு குறையையும் சொல்லவேண்டும். வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவே இது பெரும்பாலும் நின்றுவிட்டது. 12 வயது நிரம்பியவர் பரீட்சை எழுதலாம் என்று விதி இருக்கிறது. உழைப்பாளியின் பிள்ளைக்குக் கருவியும் பயிற்சியும் யார் தருவது? கடலோர ஜில்லாக்களின் சர்க்கார் பள்ளிகளிலும் மீனவர் குப்பங்களிலும் அமெச்சூர் நிலையங்கள் அமைக்கவேண்டும். தமிழில் பயிற்சி தரவேண்டும். அதற்கான செலவைச் சர்க்கார் ஏற்கவேண்டும்.

புயலடித்தால் முதலில் பறப்பது குடிசைக் கூரைதான். உதவி கேட்கும் குரலும் அங்கிருந்தே எழவேண்டும்.