குளிருவது மாட்டுக்கா, மனுசனுக்கா?

குமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழை: ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. சாரல் விழுந்ததும் வெளியே கட்டிய மாட்டின் முதுகில் சாக்கைப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் போர்வை தேடும் ஆட்களுக்கு ஒரு கேள்வி. குளிருவது யாருக்கு?

மாட்டின் வயிற்றில் தீனி புளித்துக்கொண்டே இருக்கிறது. அது அணையாத அடுப்பு. உலர்ந்த ரோமம் அந்தச் சூட்டைக் காக்கும். நாஞ்சில் நாட்டுக் குளிர் அதற்கு ஒரு குளிரா? ஜெர்சிக் கலப்புக்கு வெயில்தான் எதிரி. நனைந்த சாக்கோ ரோமத்தை அமுக்கி, இருக்கிற சூட்டையும் உறிஞ்சிவிடும்.

பிறந்த கன்றுக்கும் நோஞ்சான் மாட்டுக்கும் சாக்கு வேண்டும்தான். உலர்ந்த சாக்கு, கூரைக்குக் கீழே. மற்றவற்றுக்கு மேலே ஓலை, கீழே காய்ந்த தரை, வயிறு நிறைய வைக்கோல் போதும்.

அதற்குச் செலவாகும். பழைய சாக்கு சும்மா கிடைக்கிறது. விஷயம் அவ்வளவுதான்!