கோதுமைக் கஞ்சியா, உருளைத் தோலா?

கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரம் போன்ற ஊர்களின் அடுப்படியில் இன்று ரேஷன் கோதுமையும் இருக்கிறது, மலையிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கும் இருக்கிறது. 'கிழங்கின் சத்தெல்லாம் தோலில்தான். கோதுமை ரவைக் கஞ்சியைவிட அதுவே மேல்' என்ற பேச்சும் உண்டு. தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே இதைக் கணக்குப் பார்த்தே பேச வேண்டும்.

100 கிராம் பச்சைத் தோலில் இரும்புச்சத்து சுமார் 3 மில்லிகிராம். முழுக் கோதுமையில் சுமார் 4 மில்லிகிராம். பார்வைக்கு இரண்டும் அருகருகேதான். ஆனால் ஒரு நடுத்தரக் கிழங்கைச் சீவினால் 15 கிராம் தோல் தேறுவதே பெரிது. அதில் இரும்பு அரை மில்லிகிராம்கூட வராது. 40 கிராம் முழுக் கோதுமை ரவையில் காய்ச்சிய கஞ்சியிலோ சுமார் 1.6 மில்லிகிராம் இரும்பும், புரதமும் நார்ச்சத்தும் தலா 4 கிராமும் கிடைக்கும். தட்டில் விழும் அளவை வைத்துப் பார்த்தால் கஞ்சிக்கே வெற்றி.

இந்தக் கணக்கு தவிடு நீக்காத கோதுமைக்கு மட்டுமே பொருந்தும். கோதுமைக்கும் தோல் உண்டு, அதுதான் தவிடு. தவிடும் முளைக்கருவும் போன மைதாவில் இரும்பு பாதிக்கும் கீழே, நார்ச்சத்து கால் பங்குதான். கடை வெள்ளை ரவையிலும் தவிடு பெரும்பாலும் நீங்கியிருக்கும். ரேஷன் கோதுமையைக் கழுவிக் காயவைத்து, மில்லில் உடைத்து, தவிட்டைச் சலித்துக் கொட்டாமல் காய்ச்சுவதே நல்லது.

உருளைத் தோலின் பெரிய உதவி வேறு. தோலோடு வேகவைத்தால் வைட்டமின் சி நீரில் கரைந்து வீணாவது குறைகிறது. தானியத்தின் இரும்பை உடல் ஏற்க அந்த வைட்டமின் துணை செய்யும். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளத் தோலோடு வெந்த கிழங்கு நல்ல ஜோடி. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறையும்.

பச்சை நிறம் ஏறிய தோலையும் முளைவிட்ட கிழங்கையும் தவிர்க்க வேண்டும். அவற்றிலுள்ள சோலனைன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. கிழங்கில் வெயில் படாதபடி மண் அணைப்பதும், இருட்டில் சேமிப்பதும் மலை விவசாயியின் பொறுப்பு. கடைசி மருந்துத் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே லேபிளில் சொன்ன நாள் இடைவெளியை அவர் கடைப்பிடித்தால்தான் தோலை நம்பி உண்ணலாம். விதைக்கென மருந்து கலந்த கிழங்கை ஒருபோதும் சமைக்கக் கூடாது.

இவை இரண்டையும் மிஞ்சும் தானியம் நம் மானாவாரி நிலத்திலேயே விளைகிறது. 100 கிராம் கம்பில் இரும்பு 6 மில்லிகிராமுக்கு மேல். இரவில் ஊறவைத்தோ, கூழாகப் புளிக்கவைத்தோ உண்டால் அந்த இரும்பு உடலில் கூடுதலாகச் சேரும். சுமார் 3 மாதத்தில் அறுவடைக்கு வரும் பயிர் அது. தண்ணீரும் குறைவாகவே கேட்கும்.

விற்பனைக்கு எதைப் பயிரிட்டாலும், வீட்டுக்கென்று கால் ஏக்கர் கம்பு விதையுங்கள். களப்பணியாளர்கள் விதை, உரம் பற்றிப் பேசும் கூட்டங்களில், தவிட்டைக் கொட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.